டேங்கிலிருந்து ரோட்டார் வரை

மாஸ்டாவின் 13பி சுழல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது அதன் இரண்டு ரோட்டார்களிலும் சேர்த்து நொடிக்கு 200 முறை எரிதல் நடக்கிறது. அந்த வேகத்தில் 150 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 47 லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஓர் எரிதலின் பங்கு 0.065 மில்லிலிட்டர். விரல் நுனியில் விட்டால் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும் அளவு.

விமானத்தின் எரிபொருள் அமைப்பை வரைகிறவரின் வேலை இந்தத் துளியைக் கொண்டுசேர்ப்பது. மூன்று மணி நேரப் பறத்தலுக்கு 21 லட்சம் முறைக்கு மேல்.

அமெரிக்காவில் ஒரு விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றலுக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ தாமே செய்தவர், அதைப் ‘பரிசோதனை’ வகையில் பதிவுசெய்து பறக்கலாம். பால் போபரெஸ்னி 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இந்த உரிமையைச் சுற்றி ஒரு பெரிய சமூகத்தை வளர்த்தது. எந்த எஞ்சினைப் பொருத்துவது என்பதும் கட்டுகிறவரின் முடிவுதான். லைகமிங் விமான எஞ்சின் வாங்கியவருக்குக் கவலை குறைவு. அதன் எரிபொருள் அமைப்பு பல ஆயிரம் விமானங்களில் பறந்து தேறியது, வரைபடத்தைப் பார்த்து அப்படியே போடலாம். பழைய காரிலிருந்து எடுத்த சுழல் எஞ்சினைப் பொருத்துகிறவருக்கு அந்த வசதி இல்லை. டேங்கின் அடிவாயிலிருந்து இன்ஜெக்டரின் நுனிவரை ஒவ்வோர் அங்குலமும் அவர் தனியாக உட்கார்ந்து யோசித்ததாக இருக்கும். பதிவுப் பத்திரத்திலும் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும்.

*

பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. இடுப்பில் சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் மூன்று முனை ரோட்டார் சுழல்கிறது. அது ஒரு சுற்று வருவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று வந்துவிடுகிறது. ஃபெலிக்ஸ் வான்கெலின் யோசனையில் பிறந்த எஞ்சின் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதலில் ஓடியது 1957இல். அதைச் சாலையில் நிலைக்க வைத்தவர்கள் மாஸ்டாவின் ஹிரோஷிமாக்காரர்கள். 1963இல் கெனிச்சி யமமோதோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் அதற்கென்றே உட்கார வைக்கப்பட்டார்கள். ரோட்டாரின் முனைகளில் உள்ள சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து அறையின் சுவரில் வரி வரியாகக் கீறின. பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு, அந்தக் கீறலோடு மல்லுக்கட்டினார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

13பியில் சுழலும் முக்கியப் பாகங்கள் மூன்றே: இரண்டு ரோட்டார், ஒரு தண்டு. விமானம் கட்டுகிறவர்கள் இதன்மேல் ஆசை வைத்ததற்கு இந்த எளிமைதான் காரணம். உடைவதற்கு உள்ளே அதிகம் இல்லை. எரியும் அறைக்குள் பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் வால்வு இல்லாததால், டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆக்டேன் குறைந்த சாதாரண பெட்ரோலே போதும். விமான நிலையங்களில் கிடைக்கும் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்குமே தவிர, எஞ்சின் அதையும் ஏற்றுக்கொள்ளும். பசி மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 225 கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

உள்ளே இவ்வளவு எளிமையான எஞ்சின், தன் சிக்கலையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. குளிர்விக்கும் தண்ணீர், எண்ணெய், மின்சாரம், பெட்ரோல் என்று எஞ்சினுக்கு வெளியே ஓடும் குழாய்களிலும் கம்பிகளிலும்தான் விமானத்தின் உயிர் இருக்கிறது. ரோட்டார் கடைசிவரை நன்றாகவே இருக்க, பெட்ரோல் வராமல் எஞ்சின் நிற்பது நடக்கக்கூடியது.

*

முனை சீலுக்கு எண்ணெய் வேண்டும். காரில் ஒரு சிறு பம்ப் எஞ்சின் எண்ணெயிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அறைக்குள் விடும். விமானக்காரர்கள் பலர் அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள். கேலனுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது லிட்டருக்கு 8 மில்லிலிட்டர்.

இதை யோசிக்கும்போதெல்லாம் 1909இல் செகன் சகோதரர்கள் பிரான்சில் செய்த க்னோம் எஞ்சின் நினைவுக்கு வருகிறது. வான்கெலோடு எந்த உறவும் இல்லாத வேறு வகை சுழல் எஞ்சின் அது. தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலும் காற்றும் குடையப்பட்ட தண்டின் வழியாக எஞ்சினின் வயிற்றுக்குள் போகும். எண்ணெய் இருப்பதும் அதே வயிற்றில்தான். சாதாரண எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். அதனால் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார்கள். அது பெட்ரோலில் லேசில் கரையாது. முதல் உலகப்போரின் விமானிகள் முகத்தில் எல்லாம் அந்த எண்ணெய் தெறித்தது இதனால்தான். க்னோமில் எண்ணெய் பெட்ரோலில் கரையவே கூடாது. 13பியில் கரைந்தே ஆக வேண்டும்.

பெட்ரோலில் கலப்பதை நான் விரும்புவதற்குக் காரணம், அது இரண்டு வழிகளை ஒன்றாக்குகிறது. பெட்ரோல் போன இடத்துக்கெல்லாம் எண்ணெயும் போகும். இதற்கென்று தனிக் குழாய், தனிப் பம்ப், தனியாகப் பழுதாவதற்கு ஓர் இடம் என்று எதுவும் இல்லை. பதிலுக்கு மனிதரின் நினைவின்மேல் ஒரு பாரம் ஏறுகிறது. வழியில் எங்கோ ஓர் ஊரில் இறங்கி பெட்ரோல் நிரப்பும்போது, பைக்குள் எண்ணெய்க் குப்பி இருக்க வேண்டும், எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று பார்த்து அளந்து ஊற்ற வேண்டும். இயந்திரத்திலிருந்து எடுத்த பொறுப்பு எங்கேயும் மறைந்துபோவதில்லை. யார் தோளுக்கு மாறுகிறது என்பதைப் பார்த்துதான் எடுக்க வேண்டும்.

*

பெட்ரோல் குழாய்க்குள் கொதிப்பதைப் பற்றி.

ஊட்டியில் சோறு வேக ஏன் நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. பெட்ரோலுக்கும் இதே விதிதான். ஆனால் பெட்ரோல் ஒரே பொருள் அல்ல; வெவ்வேறு சூட்டில் கொதிக்கும் பல நீர்மங்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் முதலில் ஆவியாக முந்தும். எவ்வளவு முந்தும் என்பதை 37.8 டிகிரி செல்சியஸில் அதன் ஆவியழுத்தத்தை அளந்து சொல்கிறார்கள். விமான பெட்ரோலுக்கு அது 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்கக் கோடைகாலக் கார் பெட்ரோல் 62 வரை இருக்கும். எத்தனால் கலந்தால் இன்னும் சற்று ஏறும். குளிர்காலத்தில் கார்கள் சட்டென்று கிளம்ப வேண்டும் என்பதற்காகவே லேசான பகுதிகளைக் கூட்டுகிறார்கள். அப்போது 103 வரை போகலாம்.

இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை எழுதிக்கொள்கிறேன். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். 10,000 அடியில் 70.

குளிர்காலத்தில் நிரப்பிய பெட்ரோல், திடீரென்று வெயில் ஏறிய வசந்தகால நண்பகல், ஓடுபாதை ஓரத்தில் காய்ந்துகொண்டு நிற்கும் அலுமினிய இறக்கை, பிறகு 10,000 அடி. இந்த நான்கும் ஒரே நாளில் கூடுவது அரிது என்று சொல்லலாம். அரிது என்பதைக் கணக்கில் ஏற்றும் உரிமை வரைகிறவருக்கு இல்லை என்று நினைக்கிறேன். பெட்ரோல் 38 டிகிரியில் இருந்தால் அந்த உயரத்தில் டேங்குக்குள்ளேயே குமிழி விடத் தொடங்கும். பம்ப் இழுக்கும் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இழுப்பது என்றால் அழுத்தத்தை மேலும் குறைப்பது என்று பொருள்.

பலர் வீட்டில் கட்டும் ஆர்வி வரிசை விமானங்கள் பெரும்பாலானவற்றில் இறக்கை கீழே இருக்கிறது, டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது. எஞ்சினோடு ஒட்டிய தடுப்புச் சுவரில் பம்பை உயரமாக மாட்டினால் பெட்ரோலை அரை மீட்டருக்கு மேல் தூக்கி இழுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் தூக்குவதற்கே 4 கிலோபாஸ்கல் போய்விடும். வழியில் ஓர் எல்போ, ஒரு தேர்வு வால்வு, அரைகுறையாக அடைந்த ஒரு ஃபில்டர், எல்லாம் தம் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பம்பின் வாயில் குமிழி பிறந்துவிட்டால், திரவத்துக்காகச் செய்த பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. அது சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் மட்டும் மாறும். அழுத்தமானியின் முள் சரியும்.

இதற்கு மருந்து, இழுக்கும் தூரத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுவது. பம்பை டேங்கின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ, எஞ்சினின் சூட்டிலிருந்து விலகி, டேங்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து எஞ்சின்வரை தள்ள வேண்டும். இன்ஜெக்டர் அமைப்பில் பம்புக்கு அப்பால் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக இருப்பதால், அங்கே பெட்ரோல் கொதிப்பது பெரும்பாடு. உயர இறக்கை விமானம் கட்டுகிறவர் கொடுத்துவைத்தவர். டேங்க் தலைக்கு மேலே. ஒரு மீட்டர் இறக்கத்தில் புவியீர்ப்பே 7 கிலோபாஸ்கல் தந்துவிடுகிறது. புவியீர்ப்புக்கு ஃபியூஸ் போவதில்லை.

*

இன்ஜெக்டர் எஞ்சினின் பெட்ரோல் வட்டமாக ஓடுகிறது. பம்ப் மணிக்கு 150 லிட்டர் தள்ளும். நிதானமாகப் பறக்கும்போது எஞ்சின் குடிப்பது 30 லிட்டர். மிச்சம் 120 லிட்டர் அழுத்தச் சீராக்கியின் வழியாகத் திரும்பி வர வேண்டும். எங்கே திரும்புவது?

கட்டுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இரண்டு இறக்கையிலும் டேங்க் இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினால் வலது டேங்க் நிரம்பி, காற்றுக்குழாய் வழியாகப் பெட்ரோல் வெளியே கொட்டும். விமானி கண்முன்னால் இடது டேங்கின் முள் எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு வேகமாக இறங்கும். எடுத்த டேங்குக்கே திருப்ப வேண்டுமென்றால், போகிற வழியையும் வருகிற வழியையும் சேர்த்துத் திருப்பும் இரட்டை வால்வு வேண்டும். நல்ல தீர்வு, ஆனால் அந்த வால்வு மிக உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். திருப்பும் வழி பாதியில் அடைபட்டால் அழுத்தம் எகிறும்.

இன்னொரு வழி, பம்புக்கு முன்னால் நாலைந்து லிட்டர் பிடிக்கும் சிறிய டேங்க் ஒன்றை வைப்பது. இறக்கை டேங்குகள் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், எஞ்சினிலிருந்து திரும்புவதும் அதற்குள்ளேயே வரும். விமானம் சாய்ந்தாலும் திரும்பினாலும் பம்பின் வாய் பெட்ரோலுக்குள் மூழ்கியே இருக்கும். படத்தில் பார்க்க மிக அழகாக இருக்கிறது. அதனால்தான் அதைக் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன்.

4 லிட்டர் டேங்க், மணிக்கு 150 லிட்டர் ஓட்டம். அப்படியென்றால் அதிலுள்ள பெட்ரோல் முழுவதும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின்வரை போய் வருகிறது. பம்ப் 13 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுத்தால் 78 வாட்; அதில் பெரும்பகுதி சூடாகப் பெட்ரோலுக்குள்தான் இறங்கும். மணிக்கு 30 லிட்டர் புதுப் பெட்ரோல் மட்டுமே அந்தச் சூட்டைத் தணிக்க வருகிறது. கணக்குப் போட்டால் பம்பின் சூடு மட்டுமே ஆறு டிகிரி ஏற்றிவிடும். எஞ்சின் அறைக்குள் போய் வரும் வழியில் வாங்கிக்கொள்ளும் சூடு தனி. தரையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருக்கும்போது குடிக்கும் அளவு குறைவு, திரும்பும் அளவு அதிகம், மேலே குளிர்ந்த காற்றும் இல்லை. சூடு ஏறிக்கொண்டே போகும். கொதிக்கத் தொடங்கினால் ஆவி வெளியேற அந்தச் சிறு டேங்கின் உச்சியிலிருந்து இறக்கை டேங்குக்குக் காற்றுக்குழாய் இருக்கிறதா? இல்லையென்றால் ஆவி மேலே தேங்கி, பெட்ரோலைக் கீழே தள்ளி, கடைசியில் பம்பின் வாய்க்கு வந்துவிடும்.

ஆனாலும் வட்ட ஓட்டத்தைக் கைவிட மனம் வரவில்லை. அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வெயிலில் இறங்கி எஞ்சினை அணைத்தபின், அதன் சூடு முழுவதும் இன்ஜெக்டர் குழாய்க்குள் ஏறும். சுழல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மிகவும் சூடானது. அந்தப் பக்கத்தில் போகும் எந்தக் குழாயும் நிம்மதியாக இருக்க முடியாது. அரைமணி கழித்துக் கிளப்பினால் குழாயில் இருப்பது பாதி ஆவி. முட்டுச்சந்தாக முடியும் குழாயில் அந்த ஆவிக்குப் போக்கிடம் இன்ஜெக்டர் மட்டும்தான். வட்டமாக ஓடும் குழாயில் பம்பைச் சில நொடிகள் ஓடவிட்டாலே குமிழிகள் திரும்பி டேங்குக்குப் போய்விடும், குளிர்ந்த பெட்ரோல் வந்து நிற்கும்.

ஆகவே வட்டம் இருக்கட்டும்; திரும்புவது சிறிய டேங்குக்கு வேண்டாம், பெரிய டேங்குக்கே போகட்டும். 60 லிட்டர் பெட்ரோல் சூட்டை வாங்கி இறக்கையின் தோல் வழியாகக் காற்றில் விட்டுவிடும்.

*

1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து ஒரு லாங்-ஈஸீ விமானத்தில் கிளம்பினார். பர்ட் ரூட்டன் வடிவமைத்து, வேறொருவர் வீட்டில் கட்டி, டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்த விமானம். எஞ்சின் சாதாரண லைகமிங்தான். சுழல் எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எரிபொருள் அமைப்பை வரைகிற எவரும் இந்த விபத்தைத் தாண்டிப் போக முடியாது.

ரூட்டனின் வரைபடத்தில் டேங்க் தேர்வு வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர், விமானி உட்காரும் இடத்தில் பெட்ரோல் குழாய் வரக்கூடாது என்று நினைத்தார். பொறுப்பான நினைப்பு. அதனால் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். டேங்கை மாற்ற வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து வலது கையை எடுத்து, உடம்பைத் திருகி, தோளுக்குப் பின்னால் நீட்டித் திருப்ப வேண்டும். அப்படித் திருகும்போது வலது கால் தன்னையறியாமல் நீண்டு சுக்கான் (ரட்டர்) மிதியை அழுத்தும். பெட்ரோல் மட்டம் காட்டும் கண்ணாடியும் பின்னால்தான். அதைப் பார்க்க டென்வர் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். பெட்ரோல் குறைவாகவே இருந்தது. நிரப்பிக்கொள்ளவில்லை. விமானம் மான்டரே விரிகுடாவில் விழுந்தது.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வால்வைத் திருப்ப முயன்றபோது கவனம் திரும்பி ரட்டர் மிதிபட்டதையும், கிளம்புமுன் பெட்ரோலைச் சரியாகத் திட்டமிடாததையும் காரணங்களாகச் சொன்னது. எட்டாத இடத்தில், எந்தக் குறியும் இல்லாமல் வால்வை வைத்த முடிவையும், அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

கட்டியவர் தீயைப் பற்றி யோசித்தார். அது தவறில்லை. வால்வைத் தேடி நீளும் கையைப் பற்றி யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. எஞ்சின் நின்று, விமானம் ஐந்நூறு அடியில் இருக்கும்போது, முன்பின் அந்த விமானத்தைப் பறக்கவிட்டிராத ஒருவரின் கை எங்கே போகும்? அமைப்பை வரைவது அந்தக் கைக்காகத்தான். நான் இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் குழாய்களைப் பார்ப்பதில்லை. விமானி எதையெல்லாம் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறேன். இரண்டு டேங்குகளிலிருந்தும் ஒருசேர எடுத்து, தேர்வே இல்லாமல், ‘திற’, ‘மூடு’ என்ற இரண்டே நிலைகள் உள்ள வால்வு சாத்தியமானால் அதற்காக எடையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். உயர இறக்கையில் அது எளிது. தாழ்ந்த இறக்கையில் முடியாது; ஒரு டேங்க் காலியானதும் பம்ப் அந்தப் பக்கத்திலிருந்து காற்றைத்தான் இழுக்கும்.

*

பம்ப் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இல்லை, ஏனென்றால் 13பியில் எஞ்சினே சுழற்றும் பெட்ரோல் பம்ப் கிடையாது. எல்லாம் மின்சாரம். ஆனால் இரண்டு பம்புக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே சுவிட்ச், ஒரே பேட்டரி என்றால் அது ஒரு பம்ப்தான். இரண்டும் ஒரே ஃபில்டருக்குள் தள்ளினால் அதுவும் அப்படியே. ஓடாத பம்பின் வழியாகப் பெட்ரோல் பின்னால் ஓடாமலிருக்க ஒருவழி வால்வு வேண்டும். இரண்டு வால்வுகளில் ஒன்று திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் நல்ல பம்ப் தள்ளுவது கெட்ட பம்ப் வழியாகச் சுற்றி வரும். ஒவ்வொரு காவலுக்கும் ஒரு காவல் தேவைப்படுகிறது. எங்கே நிறுத்துவது?

நான் கேட்டுக்கொள்வது இது: இந்தப் பாகம் பழுதானால் விமானிக்கு எப்படித் தெரியும், தெரிந்தபின் அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? பழுதாவது முன்கூட்டியே தெரிந்து, நேரமும் இருந்தால், அதற்கு இரட்டை வேண்டியதில்லை. சத்தமில்லாமல் பழுதாகி, உடனே எஞ்சினை நிறுத்தும் என்றால் இரட்டை கட்டாயம். இரண்டாவது பம்ப் வேலை செய்கிறதா என்பது ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் தனியாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காத இரண்டாவது பம்பை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பம்புக்கு முன்னால் உள்ள ஃபில்டர் கண்ணி பெரிதாகவும், பின்னால் உள்ளது நுண்ணியதாகவும் இருக்க வேண்டும். முதல் சில மணி நேரங்களில் டேங்கைக் கட்டும்போது உள்ளே விழுந்த அலுமினியத் துகளும் சீலண்ட் துணுக்கும் வரும். எத்தனை முறை கழுவினாலும் வரும். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பது அலுப்பான வேலை. அலுக்காமல் செய்கிறவர்களின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

காற்றுக்குழாய் பற்றி ஒரு வரி. டேங்கிலிருந்து பெட்ரோல் போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தக் குழாயின் திறந்த வாயில் மண்குளவி கூடு கட்டும். பொடிக் கண்ணி போட்டு மூடினால் பனி உறையும். வாய்க்குச் சற்று உள்ளே, மறைவான பக்கத்தில் இன்னொரு சிறு துளை போட்டுவைப்பது பழைய பழக்கம். செலவில்லாத நல்ல பழக்கம்.

*

அதே போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. விபத்துகளில் எஞ்சின், எரிபொருள் அமைப்பு சார்ந்த பழுதுகளுக்குப் பெரும் பங்கு இருப்பதையும், பறக்கத் தொடங்கிய ஆரம்பக் காலத்திலேயே பல நடப்பதையும் சுட்டிக்காட்டி, முதல் பறத்தலுக்கு முன்பே எரிபொருள் அமைப்பைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கான பழைய அளவுகோல் இங்கேயும் உதவும். புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பு, புறப்படும்போது எஞ்சின் கேட்பதில் 150 விழுக்காடு தர வேண்டும். பம்ப் அமைப்பு 125 விழுக்காடு. 47 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் பம்ப் வழியாக மணிக்கு 59 லிட்டராவது வர வேண்டும்.

தரையில், மட்டமாக நிற்கும் விமானத்தில் இந்த எண் எளிதாக வந்துவிடும். சோதனை அங்கே முடிவதில்லை. வால் சக்கரத்தைக் குழியில் இறக்கியோ மூக்கைத் தூக்கிக் கட்டியோ, விமானம் ஏறும் கோணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து நிறுத்த வேண்டும். அந்தக் கோணத்தில் டேங்கின் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும். எடுக்கும் வாய் முன்பக்கம் இருந்தால் அது காற்றில் நிற்கும். டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, இன்ஜெக்டர் கேட்கும் அழுத்தத்தை வைத்துக்கொண்டே அளவுக் கலத்தில் பிடிக்க வேண்டும். அழுத்தமில்லாமல் வாளியில் கொட்டவிட்டால் எந்தப் பம்பும் நன்றாகத்தான் தள்ளும். ஒரு பம்பை அணைத்துவிட்டு ஒருமுறை, மற்றதை அணைத்துவிட்டு ஒருமுறை. பேட்டரி மட்டுமே இருக்கும்போது கிடைக்கும் 12 வோல்ட்டில் இன்னொரு முறை, ஏனென்றால் ஆல்டர்னேட்டர் நின்ற நாளில் பம்ப் அந்த வேகத்தில்தான் ஓடும்.

பிறகு பம்ப் காற்றை இழுக்கும் சத்தம் வரும்வரை ஓடவிட்டு, டேங்கில் மிஞ்சியதை வடித்து அளக்க வேண்டும். இரண்டு லிட்டராக இருக்கலாம், ஐந்தாக இருக்கலாம். எவ்வளவு ஆனாலும் அது பறப்பதற்கான பெட்ரோல் அல்ல. அளவுமானியில் சுழியத்தை அந்த மட்டத்தில் குறித்து, மிச்ச லிட்டரை டேங்க் மூடியின் பக்கத்தில் அழியாத மையில் எழுதிவைக்க வேண்டும், விமானம் கை மாறினாலும் வாங்குகிறவர் படிக்கும்படி.